தை பிறக்கட்டும்

நான் 26 ஆண்டுகள் ஒரு சிவில் வழக்கறிஞரிடம் குமாஸ்தாவாக இருந்தவன். பிராது, அதாவது வழக்கு மனு, தட்டச்சு செய்வது, கோர்ட்டு கட்டணம் கட்டுவது, நகல் மனுப் போடுவது, வாய்தாத் தேதியை டைரியில் குறித்துவைத்துக் கட்சிக்காரருக்குச் சொல்வது ஆகியவையே என் வேலை. சட்டக் கல்லூரி வாசலை மிதித்தவனல்ல. ஆனாலும் உறவில் யாருக்காவது கையெழுத்துப் போட்ட காகிதத்தால் தொல்லை வந்தால், முதலில் என் வீட்டுத் திண்ணைக்குத்தான் வருவார்கள். 2024 ஆகஸ்டில் அப்படி வந்தவர் என் தங்கை மாப்பிள்ளை.

அவர் கையில் இருந்த பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு 20 ரூபாய் முத்திரைத்தாளும், அதோடு பின் அடித்த இரண்டு பச்சைத் தாள்களும் இருந்தன. 2022 பிப்ரவரி 10 அன்று எழுதிய கிரைய அக்ரிமெண்ட். ஊர் எல்லையில் நாலு சென்ட் மனை. விலை 24 லட்சம். அன்றைக்கே கொடுத்த அட்வான்ஸ் 3 லட்சம். மீதி 21 லட்சத்தை 11 மாதத்துக்குள் செலுத்திக் கிரையம் பெற்றுக்கொள்ள வேண்டும். வாங்குபவர் தவறினால் முன்பணத்தை இழக்க வேண்டும், விற்பவர் தவறினால் அதை இருமடங்காகத் திருப்பித் தர வேண்டும் என்று, எல்லா ஊர்ப் பத்திர எழுத்தர்களும் மனப்பாடமாக எழுதும் அந்த வரியும் இருந்தது. இரண்டு சாட்சிகள், நோட்டரியின் முத்திரை எல்லாம் இருந்தன. பதிவு மட்டும் செய்யவில்லை.

கெடு 2023 ஜனவரி 10-இல் முடிந்தது. அது மார்கழி 26. மார்கழியில் பத்திரம் பதிய வேண்டாம், தை பிறக்கட்டும் என்று விற்பவர் சொல்ல, மாப்பிள்ளையும் அது நியாயம்தானே என்று தலையாட்டியிருக்கிறார். தை பிறந்ததும், பெரிய மகன் வெளிநாட்டிலிருந்து வரட்டும் என்றார் விற்பவர். அடுத்த தையும் பிறந்தது. அதற்குள் அந்தப் பக்கம் புறவழிச்சாலைக்கு அளவுக்கல் நட்டுவிட்டார்கள். அதன் பிறகு விற்பவர் போனையே எடுக்கவில்லை.

“மச்சான், கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காரு. இப்ப இல்லைங்கிறாரு. உள்ள தள்ளலாம்ல?” என்றுதான் மாப்பிள்ளை ஆரம்பித்தார். என்னிடம் வருவதற்கு முன்பே காவல் நிலையத்துக்குப் போய் புகார் பெற்றுக்கொண்டதற்குத் தரும் சி.எஸ்.ஆர். ரசீதும் வாங்கி வந்திருந்தார். அங்கிருந்தவர்கள் இது சிவில் விஷயம், கோர்ட்டுக்குப் போங்கள் என்று சொல்லி அனுப்பியதில் அவருக்கு மனவருத்தம். ஆனால் அவர்கள் சொன்னது சரிதான். ஒப்பந்தத்தை மீறுவது நம் சட்டத்தில் தன்னளவில் குற்றமல்ல. அட்வான்ஸ் வாங்கிய அந்த நாளிலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்ததென்று காட்ட முடிந்தால்தான், அதாவது தன்னுடையது அல்லாத மனையைக் காட்டிப் பணம் வாங்கியது போன்ற நிலை இருந்தால்தான், அது மோசடி ஆகும்; பழைய தண்டனைச் சட்டத்தின் 420-ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆம் பிரிவு என்று அது போகும். வாங்கும்போது நேர்மையாக இருந்துவிட்டு, விலை ஏறியதும் மனம் மாறுகிறவரைச் சட்டம் வாக்குத் தவறியவராகப் பார்க்கிறதே தவிர மோசடிக்காரராகப் பார்ப்பதில்லை. போலீசாரைக் கொண்டு மிரட்டிப் பத்திரம் பதிய வைக்கலாம் என்று கிளம்பியவர்கள், அந்த அலைச்சலில் ஓராண்டைத் தொலைத்துவிட்டு எங்கள் அலுவலகத்துக்கு வந்ததை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அப்படியானால் அந்தக் கையெழுத்துக்கு என்னதான் பலன்? கையெழுத்தை மீறியவரிடமிருந்து நீதிமன்றம் பெற்றுத் தரக்கூடியவை, சுருக்கமாகச் சொன்னால், இரண்டு: பணம் அல்லது சொன்னபடி செய்யச் சொல்லும் உத்தரவு. இவற்றில் எது கிடைக்கும், எவ்வளவு கிடைக்கும் என்பதெல்லாம் மீறியவர் செய்ததை விட, மீறப்பட்டவர் அதற்குப் பிறகு என்ன செய்தார் என்பதைப் பொறுத்தே பெரும்பாலும் அமைகிறது. கட்சிக்காரர்கள் நம்ப மறுக்கும் விஷயம் இதுதான். தவறு எதிராளியுடையது என்றால், நான் ஏன் கணக்குக் காட்ட வேண்டும் என்று கேட்பார்கள்.

முதலில் பணத்தைப் பார்க்கலாம். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 73-ஆம் பிரிவு இழப்பீட்டைச் சொல்கிறது. மீறலால் இயல்பாக விளைகிற இழப்பும், ஒப்பந்தம் செய்யும்போதே இப்படி நேரக்கூடும் என்று இரு தரப்பும் அறிந்திருந்த இழப்பும் மட்டுமே கிடைக்கும். தொலைவான, மறைமுகமான இழப்பு கிடைக்காது. இதன் வேர் 1854-இல் இங்கிலாந்தில் தீர்ப்பான ஹாட்லி – பாக்சண்டேல் வழக்கில் இருக்கிறது. குளூஸ்டர் நகரத்து மாவு மில் ஒன்றில் இயந்திரத்தின் தண்டு முறிந்துபோனது. அதை மாதிரியாக வைத்துப் புதிய தண்டு செய்வதற்காகக் கிரீனிச்சுக்கு அனுப்பினார்கள். சுமை கொண்டுபோகிறவர்கள் சில நாட்கள் தாமதித்துவிட்டார்கள். அந்த நாட்களில் மில் ஓடவில்லை, அந்த லாபத்தைத் தாருங்கள் என்று மில்காரர்கள் கேட்டார்கள். மாற்றுத் தண்டு இல்லாமல் மில்லே நின்றிருக்கிறது என்பது சுமைக்காரருக்குத் தெரிந்திருந்ததாகக் கொள்ள முடியாது என்பதால் அந்த லாபத்தைக் கேட்க முடியாது என்று தீர்ப்பானது. எங்கள் சீனியர் இந்த வழக்கைக் கட்சிக்காரர்களிடம் சொல்லும்போது மாவு மில்லைக் கிரைண்டராக்கி, தண்டைக் குழவியாக்கிச் சொல்வார், உடனே புரிந்துவிடும்.

இதை மாப்பிள்ளையின் கதையில் வைத்துப் பார்த்தேன். மீதிப் பணத்தைத் திரட்டுவதற்காக அவர் தன் பழைய மனை ஒன்றை அவசரமாக, விலை குறைத்து விற்றிருந்தார். அந்த நஷ்டத்தையும் கேட்க வேண்டும் என்பது அவர் கட்சி. பழைய மனையை விற்றுத்தான் பணம் தரப் போகிறார் என்பது அக்ரிமெண்ட் போட்ட அன்று விற்பவருக்குத் தெரியுமா? அக்ரிமெண்டில் அப்படி ஒரு வரியும் இல்லை. ஆகவே அது போயிற்று. சாதாரணமாகக் கேட்கக்கூடியது ஒப்பந்த விலைக்கும், மீறல் நடந்த நாளின் சந்தை விலைக்கும் உள்ள வித்தியாசம். ஆனால் சந்தை விலையை வாயால் சொன்னால் போதாது. பக்கத்து மனைகள் அந்தக் காலத்தில் என்ன விலைக்குக் கிரையமாயின என்பதற்குச் சார்பதிவாளர் அலுவலகத்திலிருந்து பத்திர நகல்கள் எடுத்துத் தர வேண்டும். நம் ஊரில் பத்திரத்தில் எழுதுகிற விலை வேறு, கைமாறுகிற பணம் வேறு என்பதால், நேர்மையாக முழு விலையும் எழுதிய ஒரு பத்திரம் கிடைப்பதற்குள் நகல் பிரிவு எழுத்தரோடு எனக்கு நட்பே உண்டாகிவிடும்.

இருமடங்கு என்ற அந்த வரிக்கு வருகிறேன். அதுதான் மாப்பிள்ளையின் பெரிய நம்பிக்கை. 3 லட்சம் கொடுத்தேன், 6 லட்சம் வரும் என்று அவர் கணக்குப் போட்டிருந்தார். இங்கிலாந்தின் பழைய சட்டம், நியாயமாக முன்கூட்டிக் கணித்த இழப்பீடு என்றும், மிரட்டலுக்காக எழுதிய தண்டத்தொகை என்றும் பிரித்து, முன்னதை அப்படியே கொடுத்துப் பின்னதைத் தள்ளிவந்தது. நம் சட்டத்தின் 74-ஆம் பிரிவு அந்தப் பிரிவினையையே வைத்துக்கொள்ளவில்லை. எழுதிய தொகை ஓர் உச்சவரம்பு. அதற்குள் நியாயமான இழப்பீடு எவ்வளவோ அதுதான் கிடைக்கும். 1963-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஃபதேசந்த் வழக்கில் தில்லியில் ஒரு பங்களாவுக்கு விலை 1,12,500 ரூபாய். அச்சாரமாக 1,000 ரூபாயும், பிறகு விலையின் ஒரு பகுதியாக 24,000 ரூபாயும் கைமாறியிருந்தன. கிரையம் முடியாமல் போனதும், ஒப்பந்தப்படி மொத்தம் 25,000-மும் எனக்கே என்றார் விற்றவர். அச்சாரமான 1,000 ரூபாயை மட்டும் வைத்துக்கொள்ளலாம், சொத்தின் விலை விழுந்ததாக நிரூபிக்கப்படாத நிலையில் 24,000-ஐ விழுங்க முடியாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இதே வழியில் 1969-இல் வந்த இன்னொரு தீர்ப்பு எனக்கு மிகவும் பிடித்தது. காரணம் அதிலுள்ள சரக்குகள். இராணுவத்துக்கு உருளைக்கிழங்கும், கோழி, முட்டை, மீனும் வழங்க ஒப்பந்தம் எடுத்த மௌலா பக்ஸ் என்பவர் சரியாக வழங்கவில்லை. அரசு அவருடைய வைப்புத்தொகையைப் பறித்துக்கொண்டது. வெளியே உருளைக்கிழங்கு வாங்கியதில் எவ்வளவு கூடுதல் செலவு என்று கணக்குக் காட்டக்கூடிய இழப்பு இது, கணக்குக் காட்டாமல் பணத்தை வைத்துக்கொள்ள முடியாது என்று நீதிமன்றம் அரசிடமே சொன்னது. 2015-இல் தில்லி வளர்ச்சி ஆணையம் ஒரு மனை ஏலத்தில் 78 லட்சம் ரூபாய் முன்தொகையைப் பறித்த வழக்கிலும் இதுவே நடந்தது. 3.12 கோடிக்கு முதலில் ஏலம் போன அந்த மனை மறு ஏலத்தில் 11.78 கோடிக்குப் போயிருந்தது. லாபம் பார்த்துவிட்டு இழப்பீடு கேட்பது எப்படி என்று கேட்டு, பணத்தை வட்டியோடு திருப்பித் தரச் சொன்னார்கள். ஆக, மாப்பிள்ளையின் 6 லட்சம் என்பது கேட்கக்கூடிய உச்சம். கையில் வருகிற தொகையாக அதை எண்ணிவிடக் கூடாது. இதைச் சொன்னபோது அவர் முகம் வாடியது. பத்திர எழுத்தர் அப்படிச் சொல்லவில்லையே என்றார்.

ஆனால் அவருக்கு வேண்டியது பணமல்ல, மனைதான். மனையை விற்பவர் எழுதித் தரும்படி உத்தரவிடக் கோரும் வழக்குக்கு நம் கோர்ட்டுத் தமிழில் ‘ஏற்றதை ஆற்றக் கோரும் வழக்கு’ என்று பெயர். சட்டத் தமிழில் எனக்குப் பிடித்த சில சொற்களில் இது ஒன்று. ஏற்றுக்கொண்டாய் அல்லவா, ஆற்று என்கிறது. இதற்கான சட்டம் 1963-ஆம் ஆண்டின் குறித்த பரிகாரச் சட்டம். கோர்ட்டு வளாகத்தில் எல்லோரும் ஸ்பெசிபிக் ரிலீஃப் ஆக்ட் என்றே சொல்வார்கள். 2018 வரை இந்தப் பரிகாரம் நீதிபதியின் விருப்புரிமையாக இருந்தது; ஒப்பந்தம் செல்லும் என்று கண்ட பிறகும், நியாயம் கருதிக் கொடுக்காமல் விடலாம், பணத்தோடு முடிக்கலாம். 2018 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் அதை மாற்றி, சட்டம் சொல்லும் விலக்குகள் இல்லாவிட்டால் இந்தப் பரிகாரத்தைக் கொடுத்தே ஆக வேண்டும் என்றாக்கியது. வாங்குபவர்களுக்கு இது பெரிய வரவு.

அந்த விலக்குகளில் ஒன்றில்தான் பெரும்பாலான வழக்குகள் விழுகின்றன. 16-ஆம் பிரிவின்படி, வழக்குப் போடுகிறவர் தன் பங்கைச் செய்ய எப்போதும் ஆயத்தமாகவும் விருப்பமாகவும் இருந்தார் என்று நிரூபிக்க வேண்டும். ஆயத்தம் என்றால் பணத்தைத் திரட்டும் வசதி. விருப்பம் என்றால் வாங்கும் மனம். ஒரு நாள் இருந்தால் போதாது, தொடர்ந்து இருந்திருக்க வேண்டும்.

சீனியரின் அறையில் மாப்பிள்ளையின் வங்கிப் பாஸ்புத்தகத்தை விரித்துவைத்தது எனக்கு இப்போதும் கண்ணில் நிற்கிறது. மை மங்கிய அச்சு. சில வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி அச்சாகியிருந்தன. சீனியர் பென்சிலால் ஒவ்வொரு வரியாக இறங்கி வந்தார். 2022 டிசம்பரில் பழைய மனை விற்ற பணம், பி.எஃப். முன்பணம், தங்கையின் சீட்டுப் பணம் என்று ஏறி, 2023 ஜனவரி 9 அன்று இருப்பு 21,38,000 ரூபாய். கெடுவுக்கு முந்தின நாள்! சீனியர் அந்த வரிக்குக் கீழே கோடு போட்டுவிட்டு, பென்சிலைத் தூக்காமலே இறங்கினார். ஏப்ரலில் 12 லட்சம் எடுக்கப்பட்டிருந்தது. “இது எங்கே போச்சு?” என்றார். மகள் கல்யாணம் என்றார் மாப்பிள்ளை. அறையில் சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பணத்தை ரொக்கமாகக் கட்டிவைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும் என்று சட்டம் கேட்பதில்லை. கேட்டால் புரட்டித் தரும் நிலை இருந்தது என்று காட்டினால் போதும். தங்கை பேரில் இருந்த வைப்புநிதி ரசீதையும், நகைக்கடன் எவ்வளவு கிடைக்கும் என்பதற்கான கணக்கையும் தேடி எடுத்துச் சேர்த்தோம்.

விருப்பத்துக்குச் சாட்சி அவருடைய கைப்பேசியில் இருந்தது. 2023 ஜனவரி 7-ஆம் தேதி அவர் விற்பவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்: “அண்ணே பணம் ரெடி, என்னைக்கு பத்திரம் வச்சுக்கலாம்.” பதிலுக்கு ஒரு குரல் செய்தி, அதில் தை பிறக்கட்டும் என்பது தெளிவாகக் கேட்டது. இதை எடுத்ததும் சீனியர் முதல்முறையாகச் சிரித்தார். மின்னணுச் சான்றுக்கு வேண்டிய சான்றிதழோடு அந்த உரையாடலையும் ஆவணப் பட்டியலில் சேர்த்தோம். கெடுவை நீட்டும்போது அக்ரிமெண்டின் பின்பக்கத்தில் இரண்டு வரி எழுதி இருவரும் கையெழுத்துப் போடுவது ஊர் வழக்கம். அதைச் செய்திருந்தால் இந்தக் குரல் செய்தியைத் தேடி அலைந்திருக்க வேண்டாம்.

சீனியருக்குக் கவலை தந்தது, கெடு முடிந்தும் வக்கீலிடம் வராமல் இருந்த அந்த 19 மாத மௌனம். மதுரையில் ஒரு வீட்டைப் பற்றிய வழக்கில் 1997-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதை அவர் எல்லாக் கட்சிக்காரர்களுக்கும் சொல்வார். 1978 டிசம்பரில் 60,000 ரூபாய்க்கு அக்ரிமெண்ட், 5,000 ரூபாய் அட்வான்ஸ், ஆறு மாதக் கெடு. வாங்க இருந்தவர் இரண்டரை ஆண்டுகள் சும்மா இருந்துவிட்டு 1981 ஜூலையில் நோட்டீஸ் விட்டார். வழக்கு மூன்றாண்டுக் காலவரையறைக்குள்தான் வந்தது. ஆனாலும் வீடு கிடைக்கவில்லை. நகரத்தில் விலை ஏறிக்கொண்டே போகும்போது, சிறு தொகையைக் கொடுத்துவிட்டு விற்பவரைக் கட்டிப்போட்டு வைக்க முடியாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். அசையாச் சொத்து ஒப்பந்தத்தில் காலம் முக்கியமில்லை என்ற பழைய கொள்கை, விலைகள் அசையாமல் இருந்த காலத்துக்கானது, அதை மறுபடி யோசிக்க வேண்டும் என்று 2011-இல் தமிழ்நாட்டிலிருந்து போன இன்னொரு வழக்கிலும் உச்ச நீதிமன்றம் சொன்னது. காலவரையறைச் சட்டம் கெடு முடிந்த நாளிலிருந்து மூன்றாண்டு தருகிறது என்பதால், மூன்றாண்டும் தூங்கலாம் என்று பொருளல்ல.

பதிவு செய்யாத குறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் 1 முதல் அசையாச் சொத்துக் கிரைய ஒப்பந்தங்களைக் கட்டாயம் பதிய வேண்டும் என்று பதிவுச் சட்டம் திருத்தப்பட்டது. அதன் பிறகு, பதியாத அக்ரிமெண்ட் குப்பைக் காகிதமா என்பதில் நம் நீதிமன்றங்களில் நீண்ட சண்டை நடந்தது. 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், ஏற்றதை ஆற்றக் கோரும் வழக்கில் பதியாத ஒப்பந்தத்தையும் 49-ஆம் பிரிவின் விலக்கின்படி சான்றாக ஏற்கலாம் என்று முடித்துவைத்தது. எங்கள் வழக்கு உயிரோடு இருந்தது அந்தத் தீர்ப்பால்தான். ஆனால் பதியாததன் வேறு ஒரு கேட்டை எந்தத் தீர்ப்பாலும் சரிசெய்ய முடியாது: வில்லங்கச் சான்றில் அது வராது. அக்ரிமெண்ட் மட்டுமே சொத்தில் எந்த உரிமையையும் தருவதில்லை என்று சொத்து மாற்றுச் சட்டத்தின் 54-ஆம் பிரிவே சொல்கிறது. ஆகவே விற்பவர் அந்த மனையை, நம் ஒப்பந்தம் பற்றி ஒன்றும் அறியாத மூன்றாம் ஆளுக்கு முழு விலை வாங்கிக்கொண்டு விற்றுவிட்டால், அந்த ஆளிடமிருந்து மனையைப் பிடுங்க முடியாது. வழக்குத் தாக்கலான பிறகு விற்றால் அந்தக் கிரையம் வழக்கின் முடிவுக்குக் கட்டுப்படும். ஆகவே நோட்டீசுக்கும் பிராதுக்கும் இடைப்பட்ட நாட்களில் நான் வாரம் ஒருமுறை இணையத்தில் வில்லங்கம் போட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மனைக்கு மட்டுமல்ல, வீடு கட்டும் ஒப்பந்தத்துக்கும் 2018 திருத்தத்தில் ஒரு நல்ல வழி இருக்கிறது. அதிகம் பேருக்குத் தெரியாது. காண்ட்ராக்டர் கூரை மட்டத்தில் வேலையை நிறுத்திவிட்டுப் போனால், 30 நாட்களுக்குக் குறையாமல் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்துவிட்டு, வேறு ஆளை வைத்து முடித்து, அந்தச் செலவை முதல் காண்ட்ராக்டரிடம் கேட்கலாம். நோட்டீஸ் விடாமல் அவசரப்பட்டு வேறு கொத்தனாரை வைத்துக் கட்டி முடித்துவிட்டு, சிமெண்ட் பில்களோடு எங்கள் அலுவலகத்துக்கு வந்தவர்களும் உண்டு.

செப்டம்பரில் வக்கீல் நோட்டீஸ் போனது. ஒப்புகை அட்டை திரும்பி வந்த பத்தாம் நாள் பதில் நோட்டீஸ் வந்தது. அதைப் படித்தால் ஒப்பந்தத்தை மீறியவர் மாப்பிள்ளைதான்: கெடுவுக்குள் பணம் கட்டவில்லை, கட்டும் வசதியும் இல்லை, ஆகவே ஒப்பந்தம் ரத்து, அட்வான்ஸ் பறிமுதல். மாப்பிள்ளைக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. நான் அவரிடம் சொன்னேன், இந்தத் துறையில் ஒப்பந்தத்தை மீறினேன் என்று ஒப்புக்கொண்ட பதில் நோட்டீசை 26 ஆண்டுகளில் நான் பார்த்ததில்லை என்று.

நவம்பரில் சார்பு நீதிமன்றத்தில் வழக்குத் தாக்கலானது. இவ்வகை வழக்குக்கு ஒப்பந்த விலையின் பேரில் கோர்ட்டு கட்டணம். 24 லட்சத்துக்கு 3 சதவீதம், 72,000 ரூபாய். 2017-க்கு முன்பு இது ஏழரை சதவீதமாக இருந்தது. அப்போதென்றால் 1,80,000 கட்டியிருக்க வேண்டும், அட்வான்சில் பாதிக்கு மேல். பிராதை நான் தட்டச்சு செய்யவில்லை, இப்போது இருக்கும் பெண் செய்தார். ஆனால் பரிகாரப் பத்தியை நான் எழுந்துபோய்ப் பார்த்தேன். கிரையம் எழுதித் தர வேண்டும் என்பதோடு, அது மறுக்கப்பட்டால் முன்பணத்தை வட்டியோடு திருப்பித் தர வேண்டும், அதுவரை அந்தத் தொகைக்கு மனையே பொறுப்பாக இருக்க வேண்டும் என்ற மாற்றுப் பரிகாரமும் இருந்தது. நிம்மதியாக உட்கார்ந்தேன். 22-ஆம் பிரிவு இதைத் தனியாகக் கேட்கச் சொல்கிறது. கேட்காத பணத்தை நீதிமன்றம் கொடுக்க முடியாது. வழக்கு நிலுவையில் இருந்தபோதே, 2025 மே மாதத்தில் கர்நாடகத்திலிருந்து வந்த ஒரு மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் இதை மறுபடி உறுதிசெய்தது: 55,50,000 ரூபாய் விலையில் 20 லட்சம் கொடுத்திருந்தவர், சொத்தையும் பெறவில்லை, பணத்தைத் திருப்பிக் கேட்கும் வரியைப் பிராதில் சேர்க்கவுமில்லை, எந்தக் கட்டத்திலும் திருத்திச் சேர்த்திருக்கலாம், சேர்க்கவில்லை, 20 லட்சமும் போயிற்று. அந்தத் தீர்ப்பைச் சீனியர் படித்துக் காட்டியபோது மாப்பிள்ளை நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

விசாரணை தொடங்குமுன் நீதிபதி வழக்கைச் சமரச மையத்துக்கு அனுப்பினார். அங்கே மூன்று அமர்வுகள். விற்பவரின் மகன் பேச வந்தார். தகப்பனாரை விட நிதானமானவர். முடிவில் முன்பணம் 3 லட்சமும், அதற்கு மேல் 2,10,000 ரூபாயும், இரண்டு தவணையில் தருவதாகப் பேசி முடிந்தது. சாதாரண வட்டி போட்டால் வந்திருப்பதை விட இது அதிகம், இருமடங்கை விடக் குறைவு, ஏறிவிட்ட மனை விலையோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை. என்னைக் கேட்டால் நான் வழக்கை நடத்தியிருப்பேன். குரல் செய்தியும் பாஸ்புத்தகமும் சேர்ந்தால் 19 மாத மௌனத்தைத் தாண்டிவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. மேல்முறையீடு, இரண்டாம் மேல்முறையீடு என்று போகும்போது தனக்கு எத்தனை வயதாகியிருக்கும் என்று மாப்பிள்ளை கணக்குப் போட்டார். அந்தக் கணக்கையும் நான் மறுக்க முடியாது. சமரசத்தில் முடிந்ததால் 72,000 கோர்ட்டு கட்டணம் முழுதும் திரும்பக் கிடைக்கும் என்பது அவருக்குக் கூடுதல் ஆறுதல்.

சமரசக் குறிப்பில் கையெழுத்துப் போட வேண்டிய நாள். விற்பவர் கண்ணாடியைக்கூட மாட்டிக்கொள்ளாமல் மூன்று பக்கத்திலும் மளமளவென்று போட்டுவிட்டார். மாப்பிள்ளை பேனாவை வாங்கினார், மூடியைத் திறந்தார், முதல் பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினார். எல்லோரும் காத்திருந்தோம். மூன்றாம் பக்கத்தின் பாதியில் நிறுத்தி, மூடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“மச்சான், ரெண்டாவது தவணை என்ன தேதின்னு போட்டிருக்கு. அன்னைக்கு தரலைன்னா என்னன்னு போடலையே?”

குறிப்பு மறுபடி தட்டச்சுக்குப் போனது. தவறினால் மொத்தத் தொகைக்கும் வட்டி, தனி வழக்கில்லாமல் நேரடியாக நிறைவேற்று மனு என்று இரண்டு வரிகள் சேர்ந்து வந்தன. அதற்குப் பிறகுதான் அவர் பேனாவின் மூடியைத் திறந்தார்.